காத்திருப்போரும் கொலஸ்டிரால் மாத்திரையும்

இரத்தப் புற்று என்றதும் உடனே மருந்து தொடங்க வேண்டும் என்றே எண்ணுவோம். நாட்பட்ட நிணநீர் இரத்தப் புற்று அதற்கு விலக்கு. ஜோத்பூரில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய டாக்டர் கே. ஆர். ராய் 1975-இல் இந்நோயைப் படிகளாக வகுத்தார். அதன் தொடக்கப் படியில் இருப்போருக்கு மருந்து தருவதில்லை. கவனித்து வருவதோடு சரி. நோய் உண்டு, மருந்து இல்லை! எத்தனை பேருக்குப் பொறுமை இருக்கும்? சிலர் கொலஸ்டிராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையை நாடுகின்றனர்.

காரணமில்லாமல் அன்று. 1973-இல் ஜப்பானியரான அகிரா எண்டோ பூஞ்சையிலிருந்து பிரித்தெடுத்த இம்மருந்து வகை, மெவலோனேட் என்னும் பொருள் உண்டாவதைத் தடுக்கிறது. கொலஸ்டிரால் மட்டுமன்று, உயிரணுவைப் பெருகத் தூண்டும் சில புரதங்களைச் சவ்வில் ஒட்டவைக்கும் கொழுப்புத் துணுக்குகளும் அதிலிருந்தே பிறக்கின்றன. ஆய்வுக்கூடத்தில் புற்றணுக்கள் மடிவதும் உண்மை. ஆனால் அங்கே ஊற்றும் அளவு, மாத்திரை விழுங்குவோர் இரத்தத்தில் சேர்வதைவிடப் பன்மடங்கு. (வேடிக்கை என்னவெனில், எண்டோவின் முதல் மருந்து நாய்களுக்கு நிணநீர்ப் புற்றை உண்டாக்குகிறதோ என்ற ஐயத்தால் 1980-இல் கைவிடப்பட்டது.)

இந்நோயாளரில் ஏறத்தாழ மூன்றிலொருவருக்கு ஆயுள் முழுவதும் மருந்தே தேவைப்படுவதில்லை. மாத்திரை உண்டவரின் நோய் அடங்கியிருந்தால், அடக்கியது மாத்திரையா, நோயின் இயல்பா? தம் ஒருவர் உடலைக்கொண்டு அவர் அதைச் சொல்ல இயலாது. ஒத்த நோயாளரைச் சீட்டுப்போட்டு இரு கூறாக்கி, ஒரு கூறுக்கு வெற்று மாத்திரை கொடுத்துப் பார்க்கவேண்டும். காத்திருந்து சலித்தவர் அந்தச் சீட்டுக்கு இசைவது எளிதன்று.