ஆராய்ந்து கொள்ளுதல்

அரிதின் ஈட்டிய பொருளை ஆராய்ந்து செலவிடுதல் அறிவுடையார் இயல்பு. செங்கத்தில் வாழும் ஒருவர் மின்சாரக் கார் வாங்க விரும்புகிறார் என்று கொள்வோம். 2022-ஆம் ஆண்டில் வெளிவந்த டாட்டா டியாகோவின் பெரிய மின்கலம் 24 யூனிட் கொள்ளும். அது சோதனையில் ஓடிய தொலைவு 315 கிலோமீட்டர் என்றனர். 2023-இல் வந்த எம்.ஜி. காமெட்டின் மின்கலம் 17.3 யூனிட் கொள்ளும். அதன் தொலைவு 230 கிலோமீட்டர் என்றனர்.

தொலைவை யூனிட்டால் வகுத்துப் பார்த்தால், இரண்டும் யூனிட்டுக்கு ஏறத்தாழ 13 கிலோமீட்டரே ஓடுதல் விளங்கும். எனவே, சிக்கனத்தில் இரண்டும் ஒன்றே. கொள்ளளவிலும் இருக்கையிலுமே வேறுபாடு உண்டு. காமெட்டில் நால்வரும் டியாகோவில் ஐவரும் அமரலாம்.

ஊருக்குள் உலவச் சிறியதே போதும். குடும்பத்துடன் அடிக்கடி சவ்வாது மலை ஏறுவோர்க்குப் பெரியதே ஏற்றது. ஏனெனில், ஏற்றத்தில் மின்சாரம் விரைந்து செலவாகும். இறக்கத்தில் அதன் ஒரு பகுதியே மீளும். சோதனைக் கணக்கு மலைப்பாதைக்குப் பொருந்தாது.

மாணவர்களே! பொருளின் சிறப்பை மட்டும் நோக்காது, நம் தேவையையும் அறிந்து தேர்தலே அறிவுடைமையாகும்.