பரணில் கிடக்கும் கேசட்டுகளை என்ன செய்யலாம்?

எல்லாப் பாட்டும் போனிலேயே கிடைக்கிறதே என்று கேசட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் போடும் முன் ஒருமுறை தரம் பிரித்துப் பாருங்கள். கடையில் வாங்கிய சினிமாப் பாட்டு கேசட் போனால் அதே பாட்டு பெரும்பாலும் திரும்பக் கிடைத்துவிடும். தாத்தா பாடியதும் கல்யாணத்தில் வாசித்த நாகஸ்வரமும் குழந்தையின் மழலையும் போனால் போனதுதான். ரெக்கார்டிங் சென்டரில் சீட்டு எழுதிக் கொடுத்துப் பதிந்து வாங்கியதையும் நான் தூக்கிப் போட மாட்டேன். அந்தப் பாட்டு வரிசையில் அப்பாவின் ரசனை இருக்கிறது.

வைத்துக்கொள்வது என்று முடிவானால், நாடா தெரியும் பக்கத்துக்கு எதிர் விளிம்பில் இரு மூலையிலும் உள்ள சிறு பிளாஸ்டிக் துண்டுகளை முதலில் உடைத்துவிடுங்கள். அதன் பிறகு தவறுதலாக யாரும் மேலே பதிய முடியாது. இதைச் செய்யாமல் விட்டதால் எங்கள் பாட்டியின் குரல் மேல் கிரிக்கெட் வர்ணனை ஏறிவிட்டது. இன்றும் மனசு ஆறவில்லை.

நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் பிளேயரில் போடாதீர்கள். ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். நல்ல நிலையில் இருப்பதை, பென்சிலை விட்டுச் சுற்றித் தொய்வை எடுத்துவிட்டு ஓடவிடுங்கள். பிளேயரின் ஹெட்போன் துளையிலிருந்து கணினியின் லைன்-இன்னுக்கு வயர் கொடுத்து, இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி மென்பொருளில் பதியலாம். 60 நிமிட கேசட்டுக்கு 60 நிமிடமும் ஆகும். வேவ் கோப்பாகச் சேமித்து இரண்டு இடங்களில் வையுங்கள்.

கேசட்டை ஸ்பீக்கர் பக்கத்தில் வைக்கக் கூடாது, காந்தம் ஆகாது. வெயில் இறங்கும் பரணை விட அலமாரி நல்லது. உறையில் யார் குரல், எந்த வருஷம் என்று இன்றே எழுதிவிடுங்கள், சொல்லத் தெரிந்தவர்கள் வீட்டில் இருக்கும்போதே.