கை கழுவும் கடமை

சென்ற விடுமுறையில், என் பெற்றோர் குடியேறிய சாத்தத்துக்குச் சென்றிருந்தேன். தமக்கைக்குக் குறைமாதத்தில் பிறந்த குழந்தையைக் காணப் பாலம் கடந்து ஆஸ்பத்திரிக்கு விரைந்தேன். ஆவலுடன் கை நீட்டியதும், "தம்பி, முதலில் கையைக் கழுவிவிட்டு வாருங்கள்" என்று தடுத்தார் தாதி. கிருமிகளைப் பற்றியே படிக்கும் நான் நாணிப்போனேன்.

1847இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்னும் வைத்தியர், பிணத்தைப் பரிசோதித்த கையோடு பிரசவம் பார்ப்பதே தாய்மாரைக் கொல்லும் காய்ச்சலுக்குக் காரணம் என்று கண்டார். குளோரின் சேர்ந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவச் செய்தார். நூற்றுக்கு 18 ஆக இருந்த சாவு, சில மாதங்களில் 2 அளவுக்கு இறங்கிற்று.

பச்சிளங் குழந்தையின் தோல் மெல்லியது. நோயை எதிர்க்கும் ஆற்றலும் முதிராதது. 2011 முதல் 2014 வரை டில்லியில் மூன்று ஆஸ்பத்திரிகளில் நடந்த ஆய்வில், சிசுக்களின் இரத்தத்தில் கண்ட கிருமிகளுள் முதலிடம் பெற்றது அசினெட்டோபாக்டர். உலர்ந்த பரப்பிலும் பல நாள் உயிர்வாழும் அது, தொட்ட கையில் ஏறி அடுத்த தொட்டிலுக்குச் சென்றுவிடும்.

ஆகவே ஒவ்வொரு குழந்தையையும் தொடுமுன்னும் தொட்டபின்னும் கை தூய்மை செய்தல் வேண்டும். சோப்பும் நீரும் எனில் 40 முதல் 60 விநாடி. அழுக்குப் படியாத கைக்கு ஆல்கஹால் கரைசல் எனில் 20 முதல் 30 விநாடி. கையுறை அணிவோருக்கும் விலக்கில்லை.

நண்பர்களே, நம்முள் வைத்தியராகவும் தாதியராகவும் செல்லவிருப்போர் உளர். ஒருவர் மறந்தால் மற்றவர் நினைவூட்டுவது அவமதிப்பன்று. குழந்தை இப்போது நலமே. அன்று என்னைத் தடுத்த தாதிக்கு நான் என்றும் கடமைப்பட்டவன்.