கேமராவோடு போடி கிடங்குத் தெருவுக்குப் போங்கள்

போடிநாயக்கனூரில் கேமரா வாங்கியவர்கள் பெரும்பாலும் முதலில் ஓடுவது கொழுக்குமலைக்கு. மேகத்துக்கு மேல் சூரியன் எழும் படம் அழகுதான், ஆனால் அது ஊரில் ஒரு ஆளைக்கூட உங்களுக்குப் பழக்கமாக்கித் தராது. தொழில் தொடர்பு வேண்டுமென்றால் ஏலக்காய்க் கிடங்குகளுக்குப் போங்கள்.

ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலம் நடக்கும் ஊர்களில் போடி ஒன்று. இன்னொன்று மலைக்கு அந்தப் பக்கம், இடுக்கியிலுள்ள புற்றடி. தோட்டக்காரர், வியாபாரி, தரம் பிரிக்கும் பெண்கள், ஜீப் ஓட்டுநர், லாரி புக்கிங்காரர் என்று எல்லோரும் ஒருவரை ஒருவர் அறிந்த வட்டம் இது. புதிதாக ஒருவர் உள்ளே வந்தால், "யாரு பையன்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்ல உங்கள் கையிலுள்ள படம் உதவும்.

முதல் நாள் கேமராவை வெளியே எடுக்காதீர்கள். கணக்கப்பிள்ளையிடம் பேசி முதலாளியின் அனுமதி வாங்குங்கள். பிறகு காய் பொறுக்கும் அக்காமாரிடம் தனியாகக் கேளுங்கள். முதலாளி சரி என்றால் அவர்களும் சரி என்றதாக ஆகாது. எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புவதோடு நிறுத்தாமல் அச்சிட்டுக் கொடுங்கள். வீட்டுச் சுவரில் மாட்டிய படத்தைப் பார்ப்பவர்கள், எடுத்தது யார் என்று கேட்பார்கள். அடுத்த வீட்டுக் காதுகுத்தும், அண்ணன் மகன் கடைத் திறப்பும் அப்படித்தான் உங்களைத் தேடி வரும். 2018-இல் வந்த லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' திரைப்படத்தைப் பாருங்கள். தேனி ஈஸ்வரின் கேமரா மலையின் அழகோடு மூட்டை சுமக்கிற மனிதர்களையும் விடாமல் பின்தொடர்கிறது. நமக்கு அதுவே பாடம்.

அடுத்தது, வியாபாரிக்குப் பயன்படும் படம். ஏலக்காய்க்கு விலை சொல்வதில் பச்சை நிறத்துக்கும் பருமனுக்கும் பெரிய பங்கு உண்டு. கிடங்கின் மஞ்சள் பல்புக்குக் கீழே எடுத்தால், நல்ல 8 மில்லிமீட்டர் காயும் பழைய சரக்காகத் தெரியும். பல்பை அணைத்துவிட்டு, நேர்வெயில் படாத ஜன்னலோரம் வெள்ளைத் தாளில் ஒரு கைப்பிடிக் காயைப் பரப்புங்கள். வெள்ளைத் தாள் வெள்ளையாகவே தெரியும்படி கேமராவில் வெள்ளைச் சமநிலையைச் சரிசெய்யுங்கள். பக்கத்தில் ஒரு அளவுகோல் வையுங்கள். இரண்டு காயை உடைத்து உள்ளே கறுத்த விதையையும் காட்டுங்கள்.

செல்போன் பல நேரம் தானாகவே பச்சையைக் கூட்டிக் காட்டும்; அதைக் குறைத்துவிடுங்கள். காய்க்குச் செயற்கைச் சாயம் ஏற்றுவது சட்டப்படி குற்றம். படத்தில் சாயம் ஏற்றினால் வழக்கு வராமல் போகலாம். ஆனால் டெல்லியில் பார்சலைப் பிரிக்கும் வியாபாரி ஏமாற்றமடைந்தால், போடிக்காரரின் பெயர்தான் கெடும். அதன்பின் உங்களை அந்தக் கிடங்கில் சேர்க்கமாட்டார்கள்.

எடுக்கக் கூடாதவையும் உண்டு. ஏலக் கூடத்தின் திரை, கணக்குப் புத்தகம், மூட்டையில் எழுதிய பெயர் எதுவும் உங்கள் படத்தில் விழ வேண்டாம். யார் என்ன விலைக்கு எடுத்தார் என்பது அவர்களுடைய ரகசியம். மலையில் தோட்டங்கள் தனியாருடையவை. மேலாளரிடம் கேட்காமல் நுழையாதீர்கள். காட்டுக்கும் அனுமதி வேண்டும்: 2018 மார்ச்சில் போடி அருகே குரங்கணிக் காட்டுத்தீ 23 உயிர்களைக் கொண்டுபோனது. வனத்துறை அனுமதியில்லாமல் அந்தப் பக்கம் மலையேறவே கூடாது.

கூலி விஷயத்தில் கூச்சம் வேண்டாம். தொழிலாளிக்குக் கொடுக்கும் அச்சுப்படம் இலவசம். சரக்குப் படத்துக்குக் காசு. எத்தனை படம், எந்த உபயோகத்துக்கு, எவ்வளவு தொகை என்பதை வேலைக்கு முன்பே எழுதிக் காட்டிவிடுங்கள்.

காய் எடுப்பு ஆடி, ஆவணியில் தொடங்கித் தை, மாசி வரை நீளும். ஸ்டோரில் காய் உலர்வதையும் கிடங்கில் சல்லடை ஆடுவதையும் எடுக்க அதுதான் காலம்; ஆனால் அப்போது நின்று பேச யாருக்கும் நேரமிருக்காது. பங்குனி, சித்திரையில் கிடங்கு கொஞ்சம் ஓயும். அச்சிட்ட படங்களோடு அப்போது போய் உட்கார்ந்து, அடுத்த பருவத்துக்கான பாக்கெட், லேபிள் வேலைகளைப் பற்றிப் பேச்செடுங்கள்.