பழைய வாஷரைப் படித்துப் பாருங்கள்

ஐ.டி.ஐ.யில் ஓராண்டு பிளம்பர் படிப்பை முடித்து மேஸ்திரியோடு சேர்கிறவருக்குத் தனியாகக் கிடைக்கும் முதல் வேலை பெரும்பாலும் சொட்டும் குழாய்தான். சில ரூபாய் வாஷர், அரைமணி நேர வேலை. ஆனால் உங்களுக்குக் கை பழகியிருக்கிறதா என்று வீட்டுக்காரர் முடிவுகட்டுவது இங்கேதான்.

முதலில் எங்கே ஒழுகுகிறது என்று பாருங்கள். மூடிய பிறகும் வாய்ப்பக்கம் சொட்டினால் வாஷர். திறந்திருக்கும்போது கைப்பிடித் தண்டைச் சுற்றிக் கசிந்தால் கிளாண்ட். அதன் நட்டைக் கால் சுற்று இறுக்கினாலே பல சமயம் நின்றுவிடும். கால் திருப்பில் திறக்கும் புதுவகைக் குழாயில் இந்த வாஷரே கிடையாது. இதெல்லாம் பார்க்காமல் பிரித்தால் மறுநாள் போன் வரும். அந்த இரண்டாம் நடைக்குக் கூலி கேட்க முடியாது.

கேட் வால்வை மூடி, குழாயைத் திறந்து தண்ணீரை வடியவிடுங்கள். கைப்பிடியைத் திறந்த நிலையிலேயே விட்டுவையுங்கள். வாஷர், அது உட்காரும் சீட்டில் அழுந்தாமல் இருந்தால் மேல்பகுதி சுலபமாகக் கழலும்.

இனிமேல்தான் நிதானம் வேண்டும். பழைய வீட்டுச் சுவருக்குள் ஓடுவது ஜி.ஐ. பைப்; மரை துருவேறி மெலிந்திருக்கும். ஸ்பேனரைப் போட்டுத் திருகும்போது குழாயும் சேர்ந்து திரும்பினால் உள்ளே எல்போ விரிசல் விடும். வாஷர் மாற்றப் போன இடத்தில் டைல்ஸை உடைக்க வேண்டிவரும். அதனால் ஒரு ரெஞ்சில் துணி சுற்றிக் குழாயின் உடலை அசையாமல் பிடித்துக்கொண்டு, இன்னொன்றால் திருகுங்கள். இறுகிக் கிடந்தால் எண்ணெய் விட்டுக் காத்திருங்கள். காத்திருப்பதும் வேலைதான், அதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

கழற்றிய வாஷரைத் தூக்கி எறியாதீர்கள். நடுவில் ஆழமாக வட்டத் தடம் விழுந்திருந்தால், வீட்டில் யாரோ பல காலமாக முறுக்கி மூடியிருக்கிறார்கள். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் சீட்டில் பள்ளம் இருக்கும். விரலை உள்ளே விட்டுத் தடவுங்கள். சொரசொரத்தால் சீட் கட்டரை வைத்து மெல்லச் சீவிச் சமப்படுத்துங்கள். உப்புத்தண்ணீர் ஊர்களில் சீட்டின் மேல் வெள்ளையாகப் படிவம் ஏறியிருக்கும், அதையும் சுரண்டி எடுங்கள். இதை விட்டுவிட்டால் புது வாஷரும் சீக்கிரமே கிழியும். அரை இஞ்ச் குழாய்க்கு அரை இஞ்ச் வாஷர்தான்; "இது போதும்" என்று சிறியதைத் திணிக்காதீர்கள்.

"புதுசே போட்டுடலாம்மா" என்று சொல்வது எளிது. கமிஷனும் கிடைக்கலாம். ஆனால் அந்தக் கனத்த பித்தளைக் குழாய் இன்னும் பல வருடம் உழைக்கும். திருகி மூடும் இந்த அமைப்புக்கு இங்கிலாந்தின் ராதர்ஹாம் ஊரில் காப்புரிமை வாங்கியது 1845இல். தேய்கிற பாகத்தை மட்டும் மாற்றலாம் என்பதுதான் அதன் பெரிய நன்மை. நொடிக்கு ஒரு சொட்டு என்றால், 20 சொட்டு ஒரு மில்லி என்ற கணக்கில், நாளுக்கு 4 லிட்டருக்கு மேல் வீணாகிறது. இந்தக் கணக்கை வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள், கூலியை முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

மாட்டியதும் கேட் வால்வை மெதுவாகத் திறந்து காற்றுப் போகவிடுங்கள். குழாயை அந்த வீட்டு அம்மாவையே மூடச் சொல்லி, இரண்டு விரல் பலம் போதும் என்று காட்டிக்கொடுங்கள். எந்த வீட்டில் எந்த அளவு வாஷர், சீட் எப்படி இருந்தது என்பதை அன்றைக்கே நோட்டில் குறித்துவையுங்கள்.