இருபது ஆட்டத்தில் தீர்ப்பு எழுதாதீர்கள்

2016 ஆகஸ்ட் 13-ஆம் தேதி நியூயார்க் யாங்கீஸ் அணிக்காக முதன்முதலில் களமிறங்கிய ஆரன் ஜட்ஜ், முதல் வாய்ப்பிலேயே ஹோம் ரன் அடித்தார். சீசன் முடிந்தபோது நிலைமை தலைகீழ். 84 பேட்டிங் வாய்ப்புகளில் 42 முறை ஸ்ட்ரைக் அவுட்; சராசரி .179. ஆறடி ஏழங்குல உயரம், அதனால் ஸ்ட்ரைக் எல்லையும் பெரிது, இவர் மேஜர் லீக்கில் தாக்குப்பிடிப்பாரா என்ற சந்தேகம் எழுந்தது. மறு ஆண்டே 52 ஹோம் ரன் அடித்து, அமெரிக்கன் லீக்கின் சிறந்த புதுமுக வீரர் விருதை ஒருமனதாகப் பெற்றார். 2022-இல் 62 ஹோம் ரன்களுடன் அந்த லீக்கின் சாதனையும் அவர் கைக்கு வந்தது.

2025 உலகத் தொடரில் ப்ளூ ஜேஸ் அணி ஏழாவது ஆட்டம் வரை போராடிய பிறகு, டொராண்டோ தமிழர்களிடையே பேஸ்பால் பேச்சு கூடியிருக்கிறது. கூடவே, ஒரு பையனை நான்கு ஆட்டம் பார்த்துவிட்டு 'இவன்தான் அடுத்த நட்சத்திரம்' அல்லது 'இவன் தேறமாட்டான்' என்று முடிவுகட்டுவதும் கூடியிருக்கிறது. பழைய ரசிகர்களே காலங்காலமாகச் செய்துவரும் தவறு இது. இதற்குப் பின்னால் இருக்கும் சில நம்பிக்கைகளை எடுத்துப் பார்ப்போம்.

நம்பிக்கை: முதல் சில வாரங்களிலேயே ஆளின் தரம் தெரிந்துவிடும்.

தெரியாது. இதற்குக் கணக்கே சாட்சி. நான்கு வாய்ப்புக்கு ஒரு ஹிட் என்றால் பேட்டிங் சராசரி .250. உண்மையிலேயே அந்தத் திறமை உள்ள ஒருவர் 100 முறை பேட் பிடித்தால், வெறும் அதிர்ஷ்டத்தினாலேயே அவருடைய சராசரி .207-இலிருந்து .293 வரை எங்கு வேண்டுமானாலும் நிற்கும். மூன்றில் ஒரு தடவை இந்த எல்லையையும் தாண்டிப் போகும். .293 என்றால் பத்திரிகைகள் கொண்டாடும்; .207 என்றால் மைனர் லீக்குக்குத் திருப்பி அனுப்பச் சொல்வார்கள். ஆள் ஒருவர்தான், திறமையும் ஒன்றுதான். 100 வாய்ப்பு என்பது ஏறக்குறைய ஒரு மாத ஆட்டம்.

வில்லி மேஸ் 1951-இல் தன் முதல் 12 வாய்ப்புகளில் ஒரு ஹிட்கூட அடிக்கவில்லை. ஓய்வு பெறும்போது அவர் கணக்கில் 660 ஹோம் ரன்கள். மைக் ட்ரௌட் 2011-இல் 19 வயதில் அறிமுகமாகி, 40 ஆட்டங்களில் .220 அடித்தார், அடுத்த ஆண்டு .326, சிறந்த புதுமுக வீரர். 2022 டிராஃப்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்ட ஜாக்சன் ஹாலிடே, 2024 ஏப்ரலில் பால்டிமோர் அணிக்கு வந்தபோது வயது 20. 34 வாய்ப்பில் இரண்டே ஹிட். பத்து ஆட்டத்தோடு கீழே அனுப்பினார்கள். ஜூலை 31 அன்று திரும்பி வந்தவர், அன்றைக்கே கிராண்ட் ஸ்லாம் அடித்தார்.

ஷோஹேய் ஒதானியின் கதையை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். 2018 வசந்தகாலப் பயிற்சி ஆட்டங்களில் அவர் சராசரி .125, பந்துவீச்சிலும் அடி வாங்கினார். ஜப்பானில் செல்லுபடியானது அமெரிக்காவில் செல்லாது என்று பேசினார்கள். அவருடைய சிக்கல் காலில் இருந்தது. பந்து வரும்போது முன்னங்காலை உயரத் தூக்கி இறக்கி அடிப்பது அவர் வழக்கம். அமெரிக்கப் பிட்சர்களின் வேகத்துக்கு அந்தக் கால் தரையில் இறங்கவே நேரம் போதவில்லை. சீசன் தொடங்குவதற்குச் சில நாள் முன்பு அவர் காலைத் தூக்குவதை விட்டுவிட்டார். குதிகாலை மட்டும் லேசாக எழுப்பி, முன்பாதத்தைத் தரையிலேயே வைத்துக்கொண்டு இடுப்பைத் திருப்பி அடித்தார். தன் அணியின் சொந்த மைதானத்தில் ஆடிய முதல் ஆட்டத்திலேயே ஹோம் ரன். அந்த ஆண்டின் சிறந்த புதுமுக வீரரும் அவர்தான். பல ஆண்டுப் பழக்கத்தை ஒருவர் சில நாளில் மாற்றிக்கொள்கிறார் என்றால், நாம் கவனிக்க வேண்டியது அதைத்தான். .125 என்ற எண் அதைச் சொல்லவே சொல்லாது.

இதன் மறுபக்கமும் உண்டு. 1976-இல் டெட்ராய்ட் டைகர்ஸ் பிட்சர் மார்க் ஃபிட்ரிச், 21 வயதில் 19 வெற்றிகளோடு நாட்டையே மயக்கினார். முழங்காலிலும் தோளிலும் காயம். அதன் பிறகு அவருக்கு மொத்தமே பத்து வெற்றிகள். ஆகவே, ட்ரே யெசாவேஜ் பற்றியும் நிதானமாகப் பேசுவதே நல்லது. 2025-ஐ மைனர் லீக்கின் கீழ்ப்படியில் தொடங்கி, செப்டம்பரில் ப்ளூ ஜேஸுக்கு வந்து, வழக்கமான சீசனில் மூன்றே ஆட்டங்களைத் தொடங்கி, உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் ஒரு 'வாக்'கூடக் கொடுக்காமல் 12 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். உலகத் தொடரில் ஒரு புதுமுகம் செய்த சாதனை அது. அந்த இரவை யாரும் அவரிடமிருந்து பறிக்க முடியாது. ஆனால் அவருடைய பத்தாண்டு எதிர்காலத்தை அந்த ஓர் இரவு சொல்லாது.

நம்பிக்கை: மைனர் லீக்கில் விளாசியவர் மேஜர் லீக்கிலும் விளாசுவார்.

பிராண்டன் வுட் என்ற பெயர் இன்று பலருக்கு நினைவிருக்காது. 2005-இல் ராஞ்சோ குகமோங்கா அணிக்காக 43 ஹோம் ரன் அடித்து, நாட்டின் மிகச் சிறந்த இளம் வீரர்களில் ஒருவராகப் பேசப்பட்டவர். மேஜர் லீக்கில் 272 ஆட்டங்களில் அவர் சராசரி .186.

இப்படி நடப்பதற்குக் காரணங்கள் உண்டு. சில மைனர் லீக் மைதானங்கள் பேட்டர்களுக்கு வாரி வழங்குபவை; அல்புகர்க்கி போல ஐயாயிரம் அடி உயரத்து ஊர்களில் காற்று மெல்லியது, பந்து தானாகவே தூரம் போகும். வயதும் முக்கியம். மைனர் லீக்கின் டபுள்-ஏ நிலையில் 19 வயதுப் பையன் .270 அடிப்பதும், 24 வயதுக்காரர் .300 அடிப்பதும் ஒன்றல்ல. என் கணக்கில் முதலாமவரே மேல். விளாதிமிர் கெரேரோ ஜூனியர் 19 வயதில் டபுள்-ஏவில் .402 அடித்தார். அதைத்தான் பெரிய அறிகுறியாக எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. டொராண்டோவுக்கு வந்த முதல் ஆண்டில் 15 ஹோம் ரன், கொரோனாவால் சுருங்கிய 2020-இல் ஒன்பது. 'அப்பா பெயரில் வந்தவர்' என்று முணுமுணுத்தார்கள். 2021-இல் 48 ஹோம் ரன். 2025-இல் ப்ளூ ஜேஸ் அவரோடு 14 ஆண்டுகளுக்கு 50 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது.

எல்லாவற்றையும்விடப் பெரிய வேறுபாடு பந்துவீச்சில் இருக்கிறது. புதிதாக வருபவருக்கு முதல் இரண்டு மூன்று வாரம் பெரும்பாலும் ஃபாஸ்ட்பால் வரும், அவரும் அடிப்பார். அதற்குள் எதிரணிகள் வீடியோவை அலசியிருக்கும். ஸ்லைடரைத் துரத்துகிறாரா? உள்ளே வரும் வேகப்பந்துக்குக் கை சுருங்குகிறதா? ஓட்டை தெரிந்துவிட்டால், பிறகு ஒவ்வொரு அணியும் அங்கேயே வீசும். ஒரு ஃபாஸ்ட்பால் பிட்சர் கையை விட்டு ஹோம் பிளேட்டுக்கு வர ஏறக்குறைய 0.4 நொடிதான் ஆகும். அதற்குள் ஸ்ட்ரைக்கா, பாலா, நேராக வருகிறதா, கடைசியில் வெளியே சரியப் போகிறதா என்று கண்டுகொண்டு பேட்டை வீசவோ நிறுத்தவோ வேண்டும். நான் ஓர் இளம் பேட்டரைப் பார்க்க உட்கார்ந்தால், அடிக்கும் பந்துகளைவிட அடிக்காமல் விடும் பந்துகளைத்தான் கவனிப்பேன். இரண்டு ஸ்ட்ரைக் ஆன பிறகு, பிளேட்டுக்கு வெளியே சரியும் ஸ்லைடருக்குப் பாதி வீச்சில் பேட்டை அடக்குகிறாரா? போன மாதம் துரத்திய பந்தை இந்த மாதம் விடுகிறாரா? ஸ்ட்ரைக் அவுட் குறைந்து வாக் கூடுகிறது என்றால், சராசரி .210-இல் கிடந்தாலும் அந்தப் பையன்மீது நம்பிக்கை வைக்கலாம்.

நம்பிக்கை: டிராஃப்டில் முன்னால் எடுக்கப்பட்டவரே பெரிய வீரர் ஆவார்.

முதல் சுற்றில் எடுக்கப்படுவோருக்கு வாய்ப்பு கூடுதல் என்பது உண்மை. உறுதி என்பது பொய். 1966-இல் நியூயார்க் மெட்ஸ் முதல் ஆளாக எடுத்த ஸ்டீவ் சில்காட், தோள் காயத்தால் ஒரு மேஜர் லீக் ஆட்டம்கூட ஆடவில்லை. இரண்டாவதாகப் போனவர் ரெஜி ஜாக்சன். கென் கிரிஃபி ஜூனியர் 1987-இல் முதல் தேர்வு. மைக் பியாசா 1988-இல் 62-ஆவது சுற்றில், 1,390-ஆவது ஆளாக, குடும்ப நண்பர் டாமி லசோர்டாவின் தயவில் எடுக்கப்பட்டவர். 2016-இல் இருவரும் ஒரே நாளில் ஹால் ஆஃப் ஃபேமில் நுழைந்தார்கள்.

நம்பிக்கை: உடம்பைப் பார்த்தாலே சொல்லிவிடலாம்.

பில்லி பீனிடம் அடி, பலம், ஓட்டம், ஃபீல்டிங், எறிதல் ஐந்தும் இருப்பதாக ஸ்கவுட்கள் சொன்னார்கள். 1980-இல் முதல் சுற்றில் எடுக்கப்பட்டார். மேஜர் லீக் சராசரி .219. பிறகு அணி நிர்வாகியாகி, ஸ்கவுட்கள் தன்னைப் பார்த்த கண்ணோட்டத்தையே கேள்விக்குள்ளாக்கினார். வெனிசுவேலாவின் ஹோசே அல்டூவே குள்ளம் என்பதால் தேர்வு முகாமிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு, மறுநாள் மறுபடி வந்து நின்றவர். ஆஸ்ட்ரோஸ் அவருக்குக் கொடுத்தது 15,000 டாலர். மூன்று முறை பேட்டிங் பட்டம், 2017-இல் அமெரிக்கன் லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருது.

நம்பிக்கை: வேகமாக எறிபவனுக்கு எதிர்காலம் நிச்சயம்.

இதுதான் இன்று அதிகக் கேடு செய்யும் நம்பிக்கை. 2008-இல் இந்தியாவில் நடந்த 'மில்லியன் டாலர் ஆர்ம்' போட்டியில் ஈட்டி எறியும் இளைஞர்களான ரிங்கு சிங்கும் தினேஷ் பட்டேலும் வேகத்தால் தேர்வானார்கள்; பிட்ஸ்பர்க் பைரட்ஸ் அவர்களை ஒப்பந்தம் செய்தது. 2014-இல் இது ஏ.ஆர்.ரஹ்மான் இசையில் திரைப்படமாகவும் வந்தது. பேஸ்பாலைக் கண்டே இராதவர்கள் அங்கே போய்த் தொழில்முறை ஆட்டம் ஆடியது மகத்தான விஷயம். ஆனால் இருவருமே மேஜர் லீக்கை எட்டவில்லை. எறியும் வேகத்தை ஓர் இயந்திரம் அளந்துவிடும். நினைத்த இடத்தில் பந்தைப் போடவும், ஒரே கை அசைவில் மூன்று விதமாக வீசவும், சிறுவயதிலிருந்து ஆடிப் பழகியிருக்க வேண்டும்.

வேகம் கையையும் தின்கிறது. முழங்கையின் தசைநார் கிழிந்தால் செய்யும் அறுவை சிகிச்சையை 1974-இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப், டாமி ஜான் என்ற பிட்சருக்கு முதன்முதலாகச் செய்தார். அந்த நோயாளியின் பெயரையே தாங்கிய சிகிச்சை இப்போது பள்ளி மாணவர்களுக்கும் நடக்கிறது. 2024 டிசம்பரில் மேஜர் லீக் வெளியிட்ட ஆய்வறிக்கை, ஒவ்வொரு பந்தையும் முழு வேகத்தில் எறிய வேண்டும் என்ற மோகத்தை முக்கியக் காரணமாகச் சுட்டியது. ஸ்கவுட் கண்ணில் பட வேண்டும் என்று பதினான்கு வயதில் ரேடார் கருவிக்கு முன்னால் எறியத் தொடங்குகிறார்கள்.

டொராண்டோவிலோ நியூ ஜெர்ஸியிலோ உங்கள் பிள்ளை பிட்சராக ஆடினால், மணிக்கு எத்தனை மைல் என்று கேட்பதற்கு முன் இன்று எத்தனை பந்து என்று கேளுங்கள். மேஜர் லீக்கும் யுஎஸ்ஏ பேஸ்பாலும் சேர்ந்து வகுத்த வரம்பு 9-10 வயதுக்கு ஒரு நாளைக்கு 75 பந்து, 11-12 வயதுக்கு 85, 13-14 வயதுக்கு 95. ஆட்டம் எவ்வளவு நெருக்கமாக இருந்தாலும், எண்ணிக்கை முடிந்ததும் பிள்ளையை மேட்டிலிருந்து இறக்கச் சொல்லிப் பயிற்சியாளரிடம் நீங்களே கேளுங்கள்.