குருதியமுக்கமும் குளிசைகளும்

"தலையிடியுமில்லை, தலைச்சுற்றுமில்லை; பிறசர் மாறிவிட்டது. இனிக் குளிசை எதற்கு?" என்று கேட்போர் நம் வீடுகளில் பலர். அமுக்கம் மாறவில்லை, குளிசை அதனை அடக்கி வைத்திருக்கிறது என்பதே உண்மை. உயர் குருதியமுக்கம் பெரும்பாலும் எவ்வித அறிகுறியும் காட்டுவதில்லை. குளிசையை நிறுத்தினால் அது மீண்டும் ஏறி, ஓசையின்றி இருதயத்தையும் மூளையையும் சிறுநீரகங்களையும் தாக்கும். பாரிசவாதம் வந்த பின்னரே சிலர் இதை உணர்கின்றனர்.

குளிசையை நாள்தோறும் ஒரே நேரத்தில் எடுக்கவேண்டும். மறந்துவிட்டால் நினைவு வந்தவுடன் எடுக்கலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் தவறியதை விட்டுவிடுங்கள். இரண்டையும் சேர்த்து விழுங்கினால் அமுக்கம் அளவுக்கு மீறித் தாழ்ந்து மயக்கம் வரக்கூடும்.

நற்கருணை உபவாசம் கெடுமென்று காலைக் குளிசையைத் தள்ளிப்போடுவோரும் உளர். அது தேவையில்லை. தண்ணீரும் மருந்தும் அந்த ஒரு மணிநேர உபவாசத்தை முறிப்பதில்லை என 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் தெளிவாகக் கூறுகிறது.

எனலாபிரில் சிலருக்கு வறட்டு இருமலையும், அம்லோடிபின் சிலருக்குக் கணுக்கால் வீக்கத்தையும் உண்டாக்கும். அப்போது தாமாக நிறுத்தாது வைத்தியரிடம் சொன்னால், அவர் வேறு மருந்து தருவார். அதெனோலோலைத் திடீரென நிறுத்துவது, விசேடமாக இருதய நோயாளருக்கு, ஆபத்தானது. எனலாபிரில், லொசாட்டன் ஆகியவை கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கும். அவற்றை எடுக்கும் பெண்கள் கர்ப்பமென ஐயம் எழுந்தவுடன் வைத்தியருக்கு அறிவிக்கவேண்டும்.

மூட்டு நோவுக்கென்று கடையில் வாங்கும் டைக்குளோபினக், ஐபுபுரோபன் என்பன அமுக்கத்தை உயர்த்தக்கூடியவை. கேளாமல் வாங்கவேண்டாம். அயலவருக்குச் சுகம் தந்த குளிசை நமக்கும் பொருந்துமென்று எண்ணுவதும் தவறு.

உப்பு ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், இருக்கவேண்டும். கருவாட்டிலும் ஊறுகாயிலும் அப்பளத்திலும் உள்ள உப்பும் இக்கணக்கில் சேரும்.

கிளினிக் நாளில், வைத்தியர் வேறுவிதமாகச் சொல்லியிருந்தாலன்றி, வழமையான குளிசையை எடுத்துவிட்டே செல்லுங்கள். எடுக்காமற் போனால் அளவு கூடுதலாகக் காட்டும். மருந்தும் வீணே கூட்டப்படலாம். கொப்பியோடு எஞ்சிய குளிசைகளையும் கொண்டுசெல்லுங்கள்.

கண் மங்கிய பெற்றோருக்கு ஒரு கிழமைக்குரிய குளிசைகளை நாள்வாரியாகப் பிரித்து வைத்துக் கொடுப்பது பிள்ளைகளின் கடமை. அதற்கு ஐந்து நிமிடங்கள் போதும்.